பதினாறாம் வசனத்தோட நிறுத்தாதீங்க

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியவங்களே, ஒன்றரை ஷிப்டு முடிச்ச கையோட நேரா கிறிஸ்துமஸ் விழாப் பந்தலுக்கு வந்து உக்காந்திருக்கற திருப்பூர் சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

கிறிஸ்தவ வாழ்வில் தியாக அன்பு பெரிதும் துலங்குவது ஒரே நாளில் உயிரைக் கொடுப்பதிலா, அன்றாடம் தன்னைக் கொடுப்பதிலா? அன்றாடந்தான்னு சொல்ல வந்திருக்கறோம் நாங்க. எதிரணித் தலைவர் ரெண்டு விஷயத்தை அழுத்தி வெச்சுட்டுப் போயிட்டாரு. ஒண்ணு, முதலாம் யோவான் 3ஆம் அதிகாரம் 16ஆம் வசனம்: அவர் நமக்காக உயிரைக் கொடுத்தாரு, நாமளும் சகோதரருக்காக உயிரைக் கொடுக்கக் கடன்பட்டவங்க. இன்னொண்ணு, போலந்து நாட்டுக் குரு மாக்சிமிலியன் கோல்பே. 1941இல் நாஜிகளோட ஆஷ்விட்ஸ் வதைமுகாம்ல பட்டினிச் சாவுக்குன்னு பிரிச்சு நிறுத்தின ஒரு குடும்பஸ்தனுக்குப் பதிலா, என்னை எடுத்துக்குங்கன்னு முன்னால வந்தவரு.

ஏனுங்க, 16ஓட நிறுத்திப்போட்டீங்களே, 17ஐப் படிக்க நேரமில்லீங்களா? வசதி இருந்தும், இல்லாதவனைக் கண்ணுல பார்த்துட்டே மனசை அடைச்சுக்கறவன்கிட்ட தேவ அன்பு எப்படித் தங்கும்னு அதுல யோவான் கேக்கறாரு. உயிரைப் பத்திப் பேசின அதே வாய், மூச்சு விடறதுக்குள்ள அரிசிப் பானைகிட்ட வந்து நிக்குதுங்க.

கோல்பேயைக் குறைச்சுப் பேச எங்க அணியில யாருமில்லை. ஆனா அவரு முன்னால வந்தது சில நிமிஷம். அதுக்கப்புறம் அந்தப் பட்டினி அறையில ரெண்டு வாரம், கூட அடைபட்டவங்களை ஜெபத்துல தாங்கினாரு. அதுக்கும் முன்னாடி தன்னோட மடத்துல அகதிகளுக்கும் யூதர்களுக்கும் இடம் கொடுத்தாரு. அன்னிக்கு எடுத்து வெச்ச அந்த ஒரு அடி, பல வருஷம் நடந்து பழகின காலு வெச்ச அடிங்க.

சரி, அன்றாடம் அன்றாடம்னு பொத்தாம்பொதுவாப் பேசாம கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பக்கவாதம் வந்து ஒரு அப்பாரு படுக்கையில கிடக்கறாரு. முதல் வாரம் வீடு நிறைய ஒறம்பரை. ஆர்லிக்ஸ் பாட்டில் வெக்க எடமில்லை. ஜெபக்குழு வந்து நாலு பாட்டுப் பாடும், காபி குடிக்கும், போயிரும். அந்தக் காபியையும் மருமகதான் போடோணும்! மூணாம் மாசம் யாருங்க வர்றா?

அவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வெக்கோணும். ஒரு நாளைக்குப் பன்னெண்டு தடவை. இடுப்புக்குக் கீழ்ப்பக்கம், குதிகால், இடுப்பெலும்பு ஓரம், இங்கெல்லாம் தோல் செவந்திருந்தா விரலால அழுத்திப் பாருங்க. அழுத்தியும் வெளுக்கலைன்னா படுக்கைப் புண் தொடங்கியாச்சு. அந்த எடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கப்படாது, உள்ள நைஞ்சுபோன சதை இன்னும் நைஞ்சுரும். ஏர் பெட் வாங்கிப் போட்டாச்சுன்னு திருப்பறதை விட்டவங்க வீட்லயும் புண்ணு வருது. வராத கையைப் புடிச்சு இழுத்துத் தூக்கினா தோள்மூட்டு எறங்கிரும். அடியில ஒரு விரிப்பைப் போட்டு, ரெண்டு பக்கமும் ஆளு நின்னு தூக்கித் திருப்போணும். ஆக, ரெண்டு ஆளு வேணுமுங்க. கஞ்சியைப் படுத்தவாக்குல ஊத்தினா நுரையீரலுக்குப் போயி சளிக்காய்ச்சல்ல கொண்டுபோய் விட்டுரும். நல்லா நிமிர்த்தி உக்கார வெச்சு, சின்னக் கரண்டியில, முழுங்கினதைப் பார்த்துட்டுத்தான் அடுத்த கரண்டி. சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் படுக்க வெக்கப்படாது.

இதுல எங்கீங்க தியாகம், இது கடமைதானேன்னு எதிரணி கேக்கும். யோவான் 13ஐத் திறங்க. இயேசு விருந்துல இருந்து எந்திரிச்சாரு, மேல்துணியைக் கழட்டி வெச்சாரு, துண்டை எடுத்து இடுப்புல கட்டினாரு, தொட்டியில தண்ணி ஊத்தினாரு, சீடர்களோட காலைக் கழுவித் துண்டால தொடச்சாரு. சிலுவைக்கு முந்தின ராத்திரி இது. காட்டிக்கொடுத்த யூதாசு வெளிய போனது கழுவினதுக்குப் பிறகுதான், அவன் காலும் அதுல உண்டு. அதை நினைச்சுப் பெரிய வியாழனுக்கு நம்ம கோயில்கள்ல காலைக் கழுவற சடங்குக்குப் பன்னெண்டு பேரு ஏற்கெனவே கழுவின காலோட வந்து உக்கார்றாங்க. சர்க்கரைக்காரர் ஒருத்தரோட காலைக் கழுவிப் பாருங்க. அவருக்குச் சூடு தெரியாது, அதனால தண்ணியை முதல்ல உங்க முழங்கையில தொட்டுப் பார்க்கோணும். விரல் இடுக்குல ஈரம் தங்கப்படாது. உள்ளங்கால்ல அவருக்கே தெரியாத புண்ணு இருக்கான்னு குனிஞ்சு பார்க்கோணும்.

இப்ப நம்ம அணிக்கே ஒரு வார்த்தை. அன்றாடத் தியாகம்னு சொல்லி மொத்தப் பாரத்தையும் ஒரு மருமக தலையில வெச்சா அது தியாகம் இல்லீங்க, வேலையைத் தள்ளிவிடறது. என் உயிரை ஒருத்தனும் என்கிட்ட இருந்து பறிக்கலை, நானாத்தான் கொடுக்கறேன்னு யோவான் 10இல் ஆண்டவரே சொல்றாரு. அடுத்தவங்க தூக்கத்தைக் காணிக்கையாப் போட நமக்கு உரிமை கிடையாது.

இயேசு சொன்ன கதையில, வழியில அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாத்தின நல்ல சமாரியனைப் பாருங்க. காயத்துல எண்ணெயும் திராட்சை ரசமும் ஊத்திக் கட்டினான், தன்னோட மிருகத்துல ஏத்தினான், சத்திரத்துல அன்னிக்கு ராத்திரி கூட இருந்தான். மறுநாள் ரெண்டு தெனாரியம் கொடுத்தான். அப்ப ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம், நம்ம ஊரு கணக்குக்கு ரெண்டு ஷிப்டு சம்பளம்னு வெச்சுக்குங்க. அப்புறம் கிளம்பிட்டான்! சத்திரக்காரன்கிட்ட ஒப்படைச்சு, மேல செலவானா திரும்பி வர்றப்பத் தர்றேன்னுட்டுப் போனான். ஆளை ஏற்பாடு பண்றதும் அன்புதானுங்க. அப்போஸ்தலர் 6இல் விதவைகளுக்குத் தினப்படிச் சாப்பாடு விட்டுப்போகுதுன்னு புகார் வந்தப்ப, உருகி உருகிப் பிரசங்கம் பண்ணலை, ஏழு பேரை நியமிச்சாங்க. ஹவாயில இருக்கற மொலோக்காய் தீவுத் தொழுநோயாளிகள்கிட்டப் போக நாலு குருக்கள் முறை வெச்சுப் போறதாத்தான் முதல்ல ஏற்பாடு. 1873இல் முதல் முறைக்குப் போன தமியான் அங்கேயே தங்கிட்டாரு. பதினாறு வருஷம் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, வீடு கட்டி, சவப்பெட்டியும் செஞ்சு, அதே நோய்லதான் 1889இல் செத்தாரு. அவரு உயிரைக் கொடுத்தது எந்த நாள்லன்னு எதிரணி தேதி குறிச்சுச் சொல்லட்டும்.

கிறிஸ்துமசுக்கு ரத்ததான முகாம் போடறோம், நல்லதுதான். ஆனா ரத்தத்துல இருந்து பிரிச்செடுக்கற தட்டணு, அதாவது பிளேட்லெட், அஞ்சு நாள்தான் தாங்கும், சிவப்பணு ஒன்றரை மாசத்துக்கு மேல போகாது. பிப்ரவரி கடைசியில அடிபட்டு வர்றவனுக்கு அந்த ரத்தம் இருக்காது. ஆண்கள் மூணு மாசத்துக்கு ஒருக்கா, பெண்கள் நாலு மாசத்துக்கு ஒருக்கா கொடுக்கலாம். சபையை மாசவாரியாப் பிரிச்சு விட்டா வருஷம் பூரா ஓடும்.

நடுவர் மணியை அடிச்சுட்டாரு. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு உக்கார்றேனுங்க. நாங்க உயிரையே தரத் தயார்னு எதிரணியில மூணு பேரும் கைதட்டலுக்கு நடுவுல சொன்னாங்க. ரொம்ப சந்தோசம். அந்த அப்பாருக்கு ராத்திரி ரெண்டு மணி முறைக்கு, வாரத்துல ஒரு நாள், விரிப்போட அந்தப் பக்கத்தைப் புடிக்க அந்த மூணு பேர்ல யாரு வர்றீங்க? எந்தக் கிழமைன்னும் சேர்த்துச் சொல்லிருங்க.