மருந்து நோயாளியைச் சென்றடையும் வழி

மதிப்பிற்குரிய சபையோரே,

இதயத்தின் சுருங்கும் வலு குறைந்து செயலிழப்புக்கு ஆளானவர்களுக்கு நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஆயுள் நீளும் என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. அந்த மருந்துகள் நோயாளியின் உடலுக்குள் உரிய அளவில், உரிய வேளையில் போய்ச் சேர்கின்றனவா என்ற கேள்வியில்தான் நமது அக்கறை போதாது என்பது என் துணிபு.

கிளினிக் நாளில் மருந்தெடுத்துத் திரும்பும் ஒரு வயோதிப அம்மாவின் பையைப் பாருங்கள். காலையில் ஒன்று, இரவில் அரைக் குளிசை, நீர் போவதற்கு வேறொன்று எனக் காகித உறைகள் நிறைந்திருக்கும். பிள்ளைகள் கனடாவில், உறைகளைப் பிரித்துக் கொடுப்பவரோ கண்பார்வை மங்கிய கணவர்.

பல மருந்துகளை ஒரே குளிசையில் அடக்கும் வழி நம் இலங்கையிலேயே பரிசோதிக்கப்பட்டிருக்கிறது. உயர் குருதியமுக்கமுள்ள 700 பேரிடம் நடந்து, 2018இல் வெளியான அந்த ஆய்வில், குறைந்த அளவில் மூன்று மருந்துகள் சேர்ந்த குளிசையை எடுத்தவர்களில் 70 சதவீதத்தினர் ஆறு மாதத்தில் குருதியமுக்க இலக்கை எட்டினர். வழமையான சிகிச்சையில் 55 சதவீதத்தினரே எட்டினர். இதயச் செயலிழப்பிலோ ஒவ்வொரு மருந்தின் அளவையும் படிப்படியாகக் கூட்டவேண்டியிருப்பதால், அங்கே இதைத் தனியாகவே சோதித்தறிய வேண்டும்.

நீர் போக்கும் ஃபுரோசமைட்டின் கதை வேறு. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழும் அளவுக்கு நீர் கோத்த நிலையில் குடற்சுவரும் வீங்குவதால், விழுங்கிய குளிசை தாமதமாகவே உறிஞ்சப்படுகிறது. நல்ல நிலையிலும் சராசரியாகப் பாதியளவே இரத்தத்தை அடைகிறது. அதுவும் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். அதனால்தான் நாளத்தில் ஊசி ஏற்ற நோயாளியை வார்டில் சேர்க்கிறார்கள். வழக்கமான ஊசிமருந்து காரத்தன்மை கொண்டது, தோலுக்கடியில் எரிச்சலூட்டக்கூடியது. அதை நடுநிலையாக்கி, வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் சிறு கருவி மூலம் ஐந்து மணித்தியாலத்தில் 80 மில்லிகிராம் செலுத்தும் முறைக்கு அமெரிக்கா 2022இல் அனுமதி வழங்கியது.

நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகாட்டுவானில் இறங்கி, மூச்சு வாங்கியபடி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு இத்தகைய சிகிச்சை வீட்டிலேயே கிடைத்தால் எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆயினும், இலவச மருத்துவம் தாங்கக்கூடிய விலையில் அது கிடைக்கும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. வேளைவாரியாகப் பொதி செய்த குளிசைகளையும், நீர் கோக்கிறதா என அறியக் காலையில் எடுத்த உடல் நிறையைக் கேட்டறியும் தாதியின் தொலைபேசி அழைப்பையும் தீவுப்பகுதி நோயாளிகளிடம் இன்றைய நடைமுறையோடு ஒப்பிட்டுப் பரிசோதிக்கலாம். எஞ்சிய குளிசைகளையும், திரும்ப வார்டுக்கு வந்தவர்களையும் எண்ணிப் பதிவதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை.