கேக் வித்து பஸ் கம்பெனியையே ஆட்டிப் பார்த்த பெண்! போராட்டத்துக்கு யார் காசு தர்றா?

போராட்டம்னா மேடையைக் காட்டுவாங்க, ஊர்வலத்தைக் காட்டுவாங்க. பெட்ரோல் போட்டது யாருன்னு எவனாவது காட்டியிருக்கானா? வணக்கம் மக்களே, இன்னைக்கு அதைத்தான் தோண்டப் போறோம்.

[திரையில்: மாண்ட்கமரி, அலபாமா, அமெரிக்கா, 1955]

வெள்ளைக்காரருக்கு பஸ்ல சீட் விட்டுக் கொடுக்காத கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைது, அதை எதிர்த்து கறுப்பின மக்கள் நடத்தின பஸ் புறக்கணிப்பு, அதுக்குத் தலைமை தாங்கின மார்ட்டின் லூதர் கிங். தெரிஞ்ச கதைதான், தாண்டிடுவோம். பஸ் வேண்டாம்னா வேலைக்கு எப்படிப் போறது? சுமார் 300 காரை வச்சு ஆளுங்களை ஏத்தி இறக்கினாங்க. 381 நாள்! பெட்ரோல், ரிப்பேர், இன்சூரன்ஸ்னு செலவு எகிறுது.

இங்கதான் நம்ம ஹீரோயின் என்ட்ரி. ஜார்ஜியா கில்மோர். சமையல்காரம்மா. சில பெண்களைச் சேர்த்துக்கிட்டு கேக், பை (pie), சிக்கன் சாண்ட்விச் செஞ்சு வித்தாங்க. அழகு நிலையம், சலவைக் கடைன்னு ஒரு இடம் விடல. வெள்ளைக்காரங்களும் வாங்கினாங்க. குழுவோட பேரு 'கிளப் ஃப்ரம் நோவேர்'. காசு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, எங்கிருந்தும் வரலன்னு சொல்லிடலாம். செம மூளை!

திங்கட்கிழமை ராத்திரி சர்ச்சுல கூட்டம். ஜார்ஜியா முன்னாடி வந்து, இந்த வார வசூல் இவ்வளவுன்னு சொல்லி ரொக்கமா கொடுப்பாங்க. கைதட்டல் பறக்கும். அதைப் பார்த்து இனெஸ் ரிக்ஸ்னு இன்னொருத்தங்க போட்டி கிளப்பே ஆரம்பிச்சுட்டாங்க. வசூல் யாருக்கு அதிகம்னு வாராவாரம் மேட்ச்!

சரி, ஏன் இவ்வளவு ரகசியம்? அந்தப் பெண்கள்ல நிறைய பேர் வெள்ளைக்காரங்க வீட்டுல வேலை பார்த்தவங்க. விஷயம் வெளிய தெரிஞ்சா அன்னைக்கே வேலை காலி. ஜார்ஜியாவுக்கே அதுதான் நடந்துச்சு. 1956-ல கிங் மேல நடந்த வழக்குல சாட்சி சொன்னாங்க, வேலை போச்சு. வீட்டுலயே சமைச்சு விக்கச் சொல்லி கிங் கைகொடுத்தார். அதே வருஷம் அலபாமா அரசு, கறுப்பின மக்களோட பெரிய சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.-கிட்ட உறுப்பினர் பட்டியலைக் கொடுன்னு கேட்டுச்சு. கொடுக்கல. 1,00,000 டாலர் அபராதம்! 1958-ல உச்ச நீதிமன்றம் சங்கத்தோட பக்கம் நின்னுச்சு. இப்போ புரியுதா, பட்டியலே இல்லாத கிளப் எவ்வளவு பெரிய விஷயம்னு?

[இசை மாறுகிறது]

அப்போ பணக்காரங்க காசு கொடுக்கலையா? கொடுத்தாங்க. சார்ல்ஸ் கார்லண்ட்னு ஒரு இளைஞர், பரம்பரைச் சொத்து எனக்கு வேண்டாம்னு முதல்ல மறுத்தவர், 1922-ல அதை ஒரு நிதியமா மாத்தினார். அந்த நிதியத்தோட காசு என்.ஏ.ஏ.சி.பி.-க்கும் வந்துச்சு. அந்த நேரத்துல சங்கத்துக்கு முக்கிய வேலை, கறுப்பின மக்களைக் கும்பல் அடிச்சுக் கொல்றதை நிறுத்துறது. காசு வந்தப்புறம் கவனம் கல்வி வழக்குகள் பக்கம் திரும்புச்சு, காரணமே அந்தக் காசுதான்னு அரசியல் ஆய்வாளர் மேகன் மிங் ஃபிரான்சிஸ் வாதாடுறாங்க. ஆனா பாருங்க, அந்தக் கல்வி வழக்குகளோட பாதைதான் 1954-ல பள்ளிக்கூடத்துல இனப் பிரிவினை செல்லாதுங்கிற தீர்ப்புல போய் முடிஞ்சுச்சு. என்னால ஒரு பக்கமா சாய முடியல. ஆனா எதை முதல்ல செய்யணும்னு செக் எழுதுறவர் முடிவு பண்றது எனக்கு உறுத்துது. கேக் வாங்கினவங்க யாரும் 'இந்தக் காசுல இதைத்தான் பண்ணணும்'னு சொல்லல, இல்லையா?

அப்புறம் 1969-ல ஒரு வரிச் சட்டம் வந்து, அறக்கட்டளைகள் வாக்காளர் பதிவுக்குக் காசு தர்றதை இறுக்கிடுச்சு. அது தனி வீடியோ.

நேரா 2020. ஜார்ஜ் ஃபிளாய்ட்ங்கிற கறுப்பினத்தவரை போலீஸ்காரர் கொன்னதுக்கு அப்புறம் பெரிய பெரிய அறிவிப்புகள். அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸோட முன்னாள் மனைவி மெக்கென்சி ஸ்காட் இன சமத்துவ அமைப்புகளுக்கு 58.67 கோடி டாலர் கொடுத்ததா அந்த ஜூலைல சொன்னாங்க. தொகையை விட எனக்குப் பிடிச்சது, இதுக்குத்தான் செலவழிக்கணும்னு கட்டுப்பாடு போடாதது. வழக்கமா ஒரு திட்டம், ஒரு வருஷம், கட்டுக்கட்டா அறிக்கை. ஊர் ஊரா ஆள் திரட்ட வேண்டியவங்க உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கிட்டு இருப்பாங்க.

கடைசியா ஒரு கணக்கு. அமெரிக்கச் சட்டப்படி, ஒரு தனியார் அறக்கட்டளைகிட்ட முதலீடா 100 டாலர் இருந்தா, வருஷத்துக்கு சுமார் 5 டாலர் கொடுத்தா போதும். நிர்வாகச் செலவுல ஒரு பங்கையும் அதுலயே காட்டிக்கலாம். மீதி 95 சந்தையில வளரும், வரிச் சலுகையோட! எனக்கு இது அநியாயமா படுது. மொத்தத்தையும் இன்னைக்கே கொடுத்துட்டா நாளைக்கு என்ன பண்றதுன்னு கேக்குறவங்களும் இருக்காங்க. அந்த 5-ஐ ஏத்தணுமா, விட்டுடலாமா? கமென்ட்ல சண்டை போடுங்க, மரியாதையா. சப்ஸ்கிரைப் பண்ணிட்டுச் சண்டை போட்டா இன்னும் சந்தோஷம்.