பிணம் தெரிஞ்சது, கொன்னவன் தெரியலையாம்

வணக்கம் நேயர்களே. இன்னைக்கு நான் பேசப்போறது 19ஆம் நூற்றாண்டுல, அமெரிக்காவோட தெக்குப் பக்கத்துல, கிராமத்துல ஒருத்தர் செத்துக் கிடந்தா அத யாரு விசாரிச்சாங்க, எப்படி விசாரிச்சாங்க, அந்த விசாரணையால யாருக்கு என்ன ஆச்சுங்கறத பத்தி. கொஞ்சம் கனமான விஷயம்தான், ஆனா கேளுங்க.

சவுத் கரோலினா மாநிலத்துல, ஜார்ஜியா எல்லைய ஒட்டி, சவானா ஆத்தங்கரையில எட்ஜ்ஃபீல்டுன்னு ஒரு கவுண்ட்டி, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. பருத்தி விளையற பூமி. 1860 சென்சஸ்ல அந்த மாநிலத்துல மொத்தம் ஏழு லட்சம் சொச்சம் பேர், அதுல நாலு லட்சத்துக்கும் மேல அடிமைகள். அதாவது பாதிக்கு மேல. எட்ஜ்ஃபீல்டுக்கு அடிதடி ஊருன்னு பழைய பேரு. 1856ல வாஷிங்டன்ல செனட் சபைக்குள்ளயே போயி, அடிமை முறைய எதிர்த்துப் பேசுன சார்ல்ஸ் சம்னர கைத்தடியால ரத்தம் வழிய அடிச்சாரே பிரெஸ்டன் புரூக்ஸ், அவரு இந்த ஊர்க்காரர். சொந்த ஊர்ல அவர திட்டல, பாராட்டுனாங்க.

இந்த மாதிரி ஊர்ல ஒரு பிணம் கிடந்தா வரவேண்டிய ஆளு கொரோனர், அதாவது சாவு எப்படி ஆச்சுன்னு விசாரிக்கற அதிகாரி. அவரு டாக்டரா இருக்கணும்னு இல்ல, பெரும்பாலும் டாக்டரும் இல்ல, இங்கிலாந்துல 1194லயே வந்த பதவி அது, அங்கிருந்து கப்பலேறி அமெரிக்கா போயிருச்சு. நம்ம ஊர்ல சந்தேக மரணம்னா போலீஸ் வந்து பஞ்சாயத்தார கூப்ட்டு, பிரேத விசாரணை நடத்தி கையெழுத்து வாங்குவாங்கல்ல, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 174ஆம் பிரிவுன்னு சொல்லுவாங்க, இப்ப புதுச் சட்டத்துல 194, அதுக்கும் இதுக்கும் சொந்தம் உண்டு, ரெண்டும் அதே இங்கிலாந்துச் சட்ட வழக்கத்துல இருந்து வந்ததுதான்.

அங்க எப்படி நடக்கும்னா, குதிரையில கொரோனர் வருவாரு, அவர் வர முடியாத தூரம்னா ஒரு மாஜிஸ்ட்ரேட், அக்கம்பக்கத்துல இருக்கற ஆம்பளைங்கள ஜூரியா, அதாவது தீர்ப்பு சொல்ற குழுவா கூட்டுவாரு, அடிமை முறைய வெச்சு வடக்கும் தெக்கும் மோதுன உள்நாட்டுப் போர் 1865ல முடியற வரைக்கும் எல்லாம் வெள்ளைக்காரங்கதான். பிணம் எங்க கிடக்கோ அங்கயே கூடணும், களத்துலயோ, ஆத்தோரமோ, அடிமைகள் குடியிருக்கற குடிசைத் தரையிலயோ. ஜூரி பிணத்த கண்ணால பாத்தே ஆகணும், பாக்காம தீர்ப்பு சொல்ல முடியாது, அதனால புதைச்சத கூட தோண்டி எடுத்துப் பாத்திருக்காங்க. டாக்டர் ஒருத்தர் இருந்தா காயத்த அளப்பாரு, எத்தன இஞ்ச் நீளம், எத்தன இஞ்ச் ஆழம், மண்டையோடு எந்தப் பக்கம் உடைஞ்சிருக்கு, முதுகுல தோல் எங்கெங்க உரிஞ்சிருக்குன்னு. சாட்சி சொன்னத எழுதிக்குவாங்க, எழுதத் தெரியாதவங்க ஒரு பெருக்கல் குறி போடுவாங்க. கடைசியில தீர்ப்பு. கொலைன்னா அதுக்குன்னு ஒரு வாசகமே இருந்துச்சு, கடவுள் பயம் இல்லாம சாத்தானோட தூண்டுதலால இன்னார் இத செஞ்சார்னு. இயற்கைச் சாவுன்னா கடவுள் அழைச்சுக்கிட்டார்னு ஒரு வரி.

அந்த மாநிலத்துல பிறப்பு இறப்பு பதிவு முறையா ஆரம்பிச்சதே 1915லதான். அதுக்கு முன்னாடி செத்த ஒரு ஏழைக்கு, ஒரு அடிமைக்கு, இப்படி ஒரு மனுஷன் இருந்தான், இப்படி செத்தான்னு சொல்ல பல நேரம் இந்தக் காகிதத்த விட்டா வேற எதுவும் கிடையாது. கிணத்துல விழுந்த குழந்தை, அடுப்புத் தீ பாவாடையில பத்தி செத்த பொண்ணு, குடிச்சுட்டு கத்திக்குத்து வாங்குனவன், மரத்துல தொங்குனவன், எல்லாரும் அந்த மங்குன மைக்குள்ளதான் இருக்காங்க. இத படிக்க உக்காந்தா எனக்கு எழுந்திரிக்க மனசு வராது.

சரி, அடிமைய முதலாளியே அடிச்சுக் கொன்னா? 1740ல சவுத் கரோலினா போட்ட சட்டப்படி, அடிமைய வேணும்னே கொன்னா 700 பவுண்டு அபராதம். ஆத்திரத்துலயோ, தண்டிக்கும்போது அளவு மீறியோ கொன்னா 350 பவுண்டு. உயிருக்கு விலை வெச்சுட்டாங்க, அவ்வளவுதான். அதுலயும் பக்கத்துல வெள்ளைக்காரன் யாரும் பாக்கலைன்னா, குற்றம் சாட்டப்பட்டவரே பைபிள்மேல சத்தியம் பண்ணிட்டு வெளிய வந்துரலாம். 1821லதான் வேணும்னு கொன்னா மரண தண்டனைன்னு மாத்துனாங்க. ஆனா ஆத்திரத்துல கொன்னா 500 டாலர் அபராதமும் அதிகபட்சம் ஆறு மாசம் ஜெயிலும்தான். அடிமைகள் வெள்ளைக்காரருக்கு எதிரா கோர்ட்டுல சாட்சி சொல்லவே முடியாது. இப்ப யோசிச்சுப் பாருங்க, குடிசையில நடந்த கொலைய பாத்தவங்க அத்தன பேரும் அடிமைகள், ஜூரியில உக்காந்திருக்கறவங்க அத்தன பேரும் முதலாளிக்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க. காயத்த மட்டும் இஞ்ச் கணக்குல துல்லியமா எழுதுவாங்க, அந்தக் காயத்த உண்டாக்குன கைக்கு வரும்போது பேனா நின்னுரும். எனக்கு இதுலதான் வயிறு எரியுது. தெரியாம விட்டிருந்தா அது வேற, இங்க எல்லாம் தெரிஞ்சே விட்டது.

வெள்ளைக்காரங்களுக்குள்ளயும் ரத்தத்துக்குக் கொறச்சல் இல்ல. மாசத்துல முதல் திங்கக்கிழமை கோர்ட்டு வாசல்ல ஏலம் நடக்கும், கூட்டம், சாராயம், துப்பாக்கி. 1880ல ரெட்ஃபீல்டுன்னு ஒரு பத்திரிகைக்காரர் பேப்பர்ல வந்த கொலைச் செய்திகள எண்ணி, வடக்க விட தெக்குல கொலை எத்தனையோ மடங்குன்னு புத்தகமே போட்டாரு. அதே வருஷம் ஜூலையில இ. பி. சி. கேஷ்னு ஒரு கர்னல், வில்லியம் ஷானன்னு இன்னொரு கர்னல, ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னு சுடற டூயல்ல கொன்னாரு, கேஸு நடந்து விடுதலையும் ஆயிட்டாரு. அதுக்கப்புறம்தான் டூயலுக்கு எதிரா கறாரா சட்டம் வந்துச்சு.

நான் முக்கியமா சொல்ல வந்தது 1876 ஜூலை. பழைய எட்ஜ்ஃபீல்டுல இருந்து பிரிச்ச பகுதிய சேத்து 1871ல ஏய்க்கன்னு புது கவுண்ட்டி உண்டாக்குனாங்க, அதுல ஆத்துக்கு இந்தப் பக்கம் ஹாம்பர்க்னு ஒரு சின்ன டவுன், அந்தப் பக்கம் ஜார்ஜியாவோட அகஸ்டா. அடிமை முறை ஒழிஞ்சு கறுப்பின மக்களுக்கு ஓட்டு கிடைச்ச காலம், ஹாம்பர்க்ல மார்ஷல்ங்கற ஊர்க் காவல் அதிகாரி, மாஜிஸ்ட்ரேட், மிலிஷியாங்கற ஊர்ப் படை எல்லாம் அவங்கதான். ஜூலை 4 சுதந்திர தினம், மிலிஷியா தெருவுல அணிவகுப்பு நடத்துது, ரெண்டு வெள்ளைக்கார வாலிபர்கள் குதிரை வண்டியில வந்து வழி விடுன்னு தகராறு. கடைசியில வழி விட்டுட்டாங்க, ஆனா விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு. 8ஆம் தேதி சனிக்கிழமை விசாரணை. அன்னைக்கு வெள்ளைக்காரங்க பக்கம் வக்கீலா வந்தவர் மேத்யூ பட்லர், உள்நாட்டுப் போர்ல தெக்குப் படையில சண்டை போட்டு ஒரு பாதத்த இழந்த முன்னாள் ஜெனரல், அவர் கேட்டது மிலிஷியாவோட துப்பாக்கிகள. ஊருக்குள்ள நூத்துக்கணக்குல ஆயுதத்தோட வெள்ளைக்கார ஆளுங்க. மிலிஷியா ஒரு கட்டடத்துக்குள்ள போயிருச்சு, சண்டை மூண்டுச்சு, மெரிவெதர்னு ஒரு வெள்ளைக்கார வாலிபர் செத்தாரு, அகஸ்டாவுல இருந்து பீரங்கியே கொண்டு வந்தாங்க. டவுன் மார்ஷல் ஜிம் குக்க சுட்டுக் கொன்னாங்க, மோசஸ் பார்க்ஸையும். பிடிபட்டவங்கள ரயில் பாதை பக்கத்துல வட்டமா உக்கார வெச்சு, நடுராத்திரி தாண்டி ஒவ்வொரு பேரா கூப்ட்டு நாலு பேர சுட்டாங்க.

இப்ப பிரேத விசாரணை யாரு நடத்தணும்? அந்த ஊரு மாஜிஸ்ட்ரேட் பிரின்ஸ் ரிவர்ஸ். அடிமையாப் பிறந்தவர், முதலாளி வீட்டு வண்டியோட்டி, போர் நேரத்துல தப்பிச்சுப் போயி வடக்குப் பக்க யூனியன் படையில சார்ஜென்ட் ஆனவர், அப்புறம் எம்எல்ஏ. அந்த மாநிலத்துல அத்தன வருஷமா வெள்ளைக்காரங்க கையிலயே இருந்த பேனா இப்ப இவர் கையில. பாத்தவங்கள கூப்ட்டாரு, கேட்டாரு, எழுதுனாரு. தெரியாத நபர்கள்னு போட்டு முடிச்சுரல. ஜூரி எண்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக்காரங்கள பேரு சொல்லி குற்றம் சாட்டுச்சு, அதுல பட்லரும் உண்டு. அந்த ஊர்ல, அந்த வருஷத்துல, அத எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேணும்னு நினைச்சா எனக்கு சிலிர்க்குது.

குற்றவாளிங்க என்ன பண்ணாங்க தெரியுமா? ஜாமீனுக்காக ஏய்க்கன் கோர்ட்டுக்கு ஊர்வலமா வந்தாங்க, சட்டையில சிவப்புச் சாயம் பூசி, ரத்தக்கறை மாதிரி ஆக்கிப் போட்டுக்கிட்டு. கேலி. எல்லாருக்கும் ஜாமீன். ஒருத்தர்மேல கூட கேஸ் நடக்கல. பட்லர் அடுத்த வருஷம் அமெரிக்க செனட்டர். அந்தச் சிவப்புச் சட்டைக் கூட்டத்துல வந்த பென் டில்மன் 1890ல மாநில கவர்னர், அப்புறம் செனட்டர், 1909ல மேடை போட்டு ஹாம்பர்க்ல பண்ணத பெருமையா பேசுனாரு.

அவர் கவர்னரா இருந்தப்ப 1893ல ஜான் பீட்டர்சன்னு ஒரு கறுப்பின மனுஷன், கும்பல் தேடுது காப்பாத்துங்கன்னு அவர்கிட்டயே தஞ்சம் போனாரு. ஒரே ஒரு காவலர கூட வெச்சு அந்த ஊருக்கே திருப்பி அனுப்புனாங்க, கும்பல் கொன்னுருச்சு. அந்தக் காலத்துல தெக்கு முழுக்க இப்படி பட்டப்பகல்ல நூத்துக்கணக்கான பேர் முன்னாடி நடந்த கும்பல் கொலைகளுக்கு கொரோனர் ஜூரி திரும்பத் திரும்ப எழுதுன தீர்ப்பு ஒன்னுதான், அடையாளம் தெரியாத நபர்களால் மரணம்.

1916ல மெரிவெதருக்கு மட்டும் நார்த் அகஸ்டாவுல கல்தூண் வெச்சாங்க. பதவி போன ரிவர்ஸ் ஏய்க்கன்ல மறுபடி வண்டியோட்டியா வேலை பாத்து 1887ல இறந்துட்டாரு. ஆனா 1876 தேர்தல் வருஷம், அந்த வருஷத்து வன்முறைய விசாரிக்க வந்த அமெரிக்க செனட் கமிட்டி வாங்குன சாட்சியங்கள் மூணு வால்யூமா அச்சாயிருக்கு, ஹாம்பர்க்ல அன்னைக்கு ராத்திரி உயிர் தப்புனவங்க பேசுனது அதுல இருக்கு. சவுத் கரோலினாவோட பல கவுண்ட்டி பிரேத விசாரணைக் காகிதங்களையும் ஸ்கேன் பண்ணி இணையத்துல போட்டிருக்காங்க, யார் வேணா படிக்கலாம். சட்டம் படிக்கற பிள்ளைங்க, போலீஸ் வேலைக்குப் போற பிள்ளைங்க இத கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, ஒரு சாயங்காலம் ஒதுக்கி அதுல பத்துக் காகிதமாவது படிங்க.

நன்றி, வணக்கம்.