சரமாகோ ஏன் மேற்கோள் குறி போடவில்லை? – ஒரு டீச்சரின் கேள்வி

வணக்கம். இந்த வாரம் போர்ச்சுகல் நாவலாசிரியர் ஜோஸே சரமாகோவைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் எடுக்கப்போகிறேன், ஏனென்றால் மூன்று நாளாக அது என்னை விடவில்லை. ஈரோட்டிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை அனுப்பியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "நீங்கள் சொன்னீர்கள் என்று சரமாகோ நாவல் வாங்கினேன். மேற்கோள் குறி இல்லை, கேள்விக்குறி இல்லை, ஒரு வாக்கியம் ஒரு பக்கத்துக்குப் போகிறது, யார் பேசுகிறார்கள் என்றே புரியவில்லை. என் வகுப்பில் ஒரு பையன் இப்படி எழுதினால் மார்க்கைக் குறைப்பேன். இவர் எழுதினால் நோபல் பரிசா? இது என்ன நியாயம்?"

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். டீச்சர், நீங்கள் தாராளமாக மார்க்கைக் குறையுங்கள். கமா எங்கே வரும் என்று அந்தப் பையனுக்கு முதலில் தெரியட்டும். சரமாகோவுக்குத் தெரிந்திருந்தது. ஐம்பது வயது தாண்டும்வரை அவரும் எல்லாரையும் போல ஒழுங்காகக் குறி போட்டுத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

மாறிய இடம் எது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1976இல் போர்ச்சுகலின் தெற்கே அலென்தேஜோ பகுதியில் லாவ்ரே என்கிற கிராமத்துக்குப் போய்த் தங்கினார். பெரிய பெரிய பண்ணைகள், நிலமில்லாத கூலிக்காரர்கள், தலைமுறை தலைமுறையாகப் பசி. அந்த ஜனங்களோடு சாப்பிட்டு, அவர்கள் பேசப் பேசக் கேட்டு, நோட்டு நோட்டாகக் குறித்துக்கொண்டு வந்தார். வந்து உடனே எழுதவில்லை, எழுத வரவில்லை. கதை கையில் இருக்கிறது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சில வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தார், வழக்கமான நடையில்தான். 24, 25ஆம் பக்கம் வரும்போது தன்னை அறியாமலே குறிகள் எல்லாம் உதிர்ந்துபோய், அந்தக் கூலிக்காரர்கள் பேசின மாதிரியே வாக்கியம் ஓட ஆரம்பித்துவிட்டதாம். அப்புறம் திரும்பிப் போய் முதல் 24 பக்கத்தையும் அதே மாதிரி மாற்றி எழுதினார். 1980இல் வந்த அந்த நாவலின் பெயரைத் தமிழில் சொன்னால் 'மண்ணிலிருந்து எழுந்தவர்கள்' என்று வரும். புதுமை செய்ய வேண்டும் என்று திட்டம் போட்டு வந்த நடை இல்லை இது, கேட்டுக்கேட்டு வந்த நடை.

இப்போது நான் எப்போதும் சொல்கிற விஷயத்துக்கு வருகிறேன், பழைய நேயர்கள் 'ஆரம்பித்துவிட்டான்' என்பீர்கள், பரவாயில்லை. வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் படித்தால் சரமாகோ ஒரு சுவர், காதால் படித்தால் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற ஒரு பெரியவர். பேசும்போது யாராவது மேற்கோள் குறி போடுகிறோமா? 'அவ வந்தா, எங்கடி போனேன்னு கேட்டேன், சந்தைக்குப் போனேன்னா, சந்தை நேத்தே முடிஞ்சுதேன்னேன்.' இதில் யார் பேசியது என்று உங்களுக்குக் குழப்பம் வந்ததா? அந்தக் கடைசி 'ன்னா', 'ன்னேன்' எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது.

உண்மையில் நமக்கு இது போர்ச்சுகீசியர்களைவிடச் சுலபமாக இருக்க வேண்டும். 'வந்தாயா' என்று எழுதினால் கேள்விக்குறி போடாவிட்டாலும் அது கேள்விதான், அந்த 'ஆ' போதும். போர்ச்சுகீஸில் 'வந்தாய்' என்பதும் 'வந்தாயா' என்பதும் எழுத்தில் ஒன்றாகவே இருக்கலாம், குரல் ஏறுவதில்தான் கேள்வி தெரியும். அந்த மொழியில் போய் மனுஷன் கேள்விக்குறியை எடுத்துவிட்டார்! நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட இல்லாமல்தான் பெரும்பாலும் எழுதினார்கள், படித்தார்கள். கமா எல்லாம் அச்சுக்கூடத்தோடு வந்த சாமான்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சரமாகோ ஆள் மாறுவதை ஒரு கமா, அடுத்து ஒரு பெரிய எழுத்து, இவ்வளவில் காட்டிவிடுவார். நம்மிடம் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. தமிழில் கொண்டுவருகிறவர் ஒன்று மேற்கோள் குறி போட வேண்டும், இல்லை என்றால் ஒவ்வொரு பேச்சுக்கும் 'என்றான்', 'என்றாள்' ஒட்ட வேண்டும். ஒட்டினால் தெளிவு வரும், வேகம் போய்விடும். அதனால் டீச்சர், உங்கள் தடுமாற்றம் முழுக்க உங்கள் தப்பு இல்லை.

என் கதையையே சொல்கிறேன். ஒரு ஊருக்கே பார்வை போகிற அவருடைய நாவல் (ஆங்கிலத்தில் 'Blindness'), 1995இல் வந்தது, அதை முதல் முறை 20 பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து என் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு கண்ணில் கட்டு, டிவி பார்க்கக் கூடாது. ஏதாவது படிச்சுக் காட்டேன்டா என்றார். கையில் இருந்தது இந்தப் புத்தகம், அந்த நிலைமையில் படிக்கிற புத்தகமா அது! சிக்னலில் கார் நிற்கிறது, பச்சை விழுகிறது, ஒரு கார் மட்டும் நகரவில்லை. உள்ளே இருப்பவன் கண் தெரியவில்லை என்று கத்துகிறான். இருட்டு இல்லை, பால் கடலில் விழுந்த மாதிரி ஒரே வெள்ளை. ஒருவன் உதவிக்கு வந்து, அவன் காரையே ஓட்டி அவனை வீட்டில் கொண்டுபோய் விடுகிறான். நான் இங்கே மூச்சு வாங்க நிறுத்தினேன். அத்தை சொன்னார்: "கார் போச்சு. கூட வந்தவன் எடுத்துட்டுப் போயிருப்பான்." அடுத்த பக்கங்களில் அதுதான் நடக்கிறது. அன்றைக்கு ஒரு தடவைகூட அவர் 'இது யார் பேசுறது' என்று கேட்கவில்லை. பாத்திரங்களுக்குப் பெயர் இல்லை என்பதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. டாக்டர், டாக்டர் மனைவி, கறுப்புக் கண்ணாடிப் பெண், மாறுகண் பையன், அவ்வளவுதான். நாமும் தெருவில் ஆட்களை அப்படித்தானே சொல்கிறோம்.

சரி, நோபல் விஷயம். அது நடைக்காக மட்டும் கிடைத்தது இல்லை. என்னைக் கேட்டால், டீச்சர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இந்த மனுஷன் முப்பது வருஷம் எங்கே போனார்?

பாருங்கள், 1922இல் அஸினியாகா கிராமத்தில் பிறந்தவர். சரமாகோ என்பது குடும்பத்தின் பட்டப்பெயர், ஏழைகள் கீரையாகத் தின்கிற ஒரு காட்டுச் செடி. பிறப்பைப் பதிந்த குமாஸ்தா அதையே பெயரோடு சேர்த்து எழுதிவிட்டார். படித்தது தொழிற்பள்ளி, முதல் வேலை மெக்கானிக். சாயங்காலம் லிஸ்பன் பொது நூலகத்தில் கைக்குக் கிடைத்ததைப் படித்தார். 1947இல் முதல் நாவல். அவர் வைத்த தலைப்பு 'விதவை', பதிப்பாளர் அதைப் 'பாவத்தின் நிலம்' என்று மாற்றிப் போட்டார். 1953இல் இன்னொரு நாவலை ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்தார். பதிலே இல்லை. வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, அவர் பெரிய ஆளான பிறகு, 'கைப்பிரதி கிடைத்தது, போடலாமா' என்று கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டார். அவர் 2010இல் இறந்த பிறகுதான் அது புத்தகமானது.

1975 நவம்பரில் போர்ச்சுகலில் அரசியல் திரும்பியபோது அவர் பார்த்துவந்த ஒரு நாளிதழின் துணை இயக்குநர் வேலை போனது. வயது 53. வேறு வேலை தேடுவதில்லை என்று முடிவு செய்தார். அடுத்த வருஷம்தான் லாவ்ரே. வேலை போகாமல் இருந்திருந்தால் இன்று இந்த வீடியோவே இல்லை. பால்தசார், பிளிமுண்டா என்கிற காதல் ஜோடி வருகிற, மாஃப்ரா ஊரில் மடம் கட்டுகிற நாவல் 1982இல், அறுபதை எட்டும்போது. வெறும் வயிற்றில் இருந்தால் மனிதர்களின் உள்ளே பார்க்கிற பெண் பிளிமுண்டா. அதைப் பற்றி ஏற்கெனவே ஒரு மணி நேரம் பேசித் தீர்த்துவிட்டேன், விடுகிறேன்.

ஆனால் ஊரில் எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். இயேசுவை வைத்து அவர் எழுதிய நாவலை 1992இல் போர்ச்சுகல் அரசே ஒரு ஐரோப்பியப் பரிசுப் பட்டியலிலிருந்து நீக்கியது. அடுத்த வருஷம் ஸ்பெயினின் லான்சரோட்டே தீவுக்குக் குடிபோய்விட்டார். 1998இல் நோபல், போர்ச்சுகீஸ் மொழிக்கு இலக்கியத்தில் கிடைத்த முதல் நோபல். வத்திக்கான் நாளிதழ் முகம் சுளித்தது. நோபல் உரையில் சரமாகோ எதில் ஆரம்பித்தார் தெரியுமா? தன் தாத்தாவில். பன்றி வளர்த்த, எழுதப் படிக்கத் தெரியாத ஜெரோனிமோ. தான் பார்த்ததிலேயே பெரிய அறிவாளி அவர்தான் என்றார். குளிர் ராத்திரியில் நோஞ்சான் பன்றிக்குட்டிகளைத் தாத்தாவும் பாட்டியும் தங்கள் படுக்கையிலேயே போட்டுக்கொள்வார்களாம். கோடையில் அத்திமரத்தடியில் பேரனைப் பக்கத்தில் படுக்கவைத்து, தூக்கம் வரும்வரை தாத்தா கதை சொல்வாராம். மேற்கோள் குறி எங்கே போனது என்று கேட்டீர்களே டீச்சர், அந்த அத்திமரத்தடியில் தேடுங்கள்.

அத்தைக்கு நாவலை முடிக்க முடியவில்லை, அதற்குள் கட்டைப் பிரித்துவிட்டார்கள், சீரியலுக்குப் போய்விட்டார். இப்போதும் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், எல்லாருக்கும் கண் போச்சே, அந்த டாக்டர் பொண்டாட்டிக்கு மட்டும் ஏன்டா போகல என்று. புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை அத்தை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்.