ஒளிந்துகொண்டவர் யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, மணி உங்கள் கையில்.

'தேசபக்தி மிக்க அரசியல்வாதி போருக்கு ஆம் என்பவரா, இல்லை என்பவரா?' என்பது தலைப்பு. இல்லை என்பவரே என்று பேச வரிசையாக வாதங்கள் எழுதி வந்தேன். எதிரணி நண்பர் கெடுத்துவிட்டார். "போர் வேண்டாம் என்ற அம்மையார் கடைசியில் டெலிபோன் பூத்துக்குள் ஒளிந்துகொண்டார். அதுதான் உங்கள் அணியின் முகவரி" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல கிண்டலுக்குக் கைதட்ட நான் கஞ்சன் அல்ல.

ஆனால் நண்பர் கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறார். முதலிலிருந்து நான் சொல்கிறேன்.

ஜெனட் ராங்கின், மொன்டானா மாநிலத்துக்காரர். 1916-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்வான முதல் பெண். அன்று அந்த நாட்டின் பல மாநிலங்களில் பெண்களுக்கு ஓட்டுரிமையே கிடையாது! பதவியேற்று நான்கே நாளில், முதல் உலகப் போரில் இறங்குவதா என்று வாக்கெடுப்பு. "நாட்டோடு நிற்க விரும்புகிறேன். ஆனால் போருக்கு வாக்களிக்க முடியாது" என்றார். அவரையும் சேர்த்து மறுத்தவர்கள் 50 பேர். 1918-இல் மேலவையான செனட்டுக்கு நின்றார், தோற்றார்.

வேறு அரசியல்வாதியாக இருந்தால் இத்தோடு புத்தி வந்திருக்கும். இவர் 1940-இல், அறுபது வயதில், மறுபடியும் ஜெயித்து வருகிறார். வந்து ஓராண்டு ஆவதற்குள் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் துறைமுகத்தில் ஜப்பானின் குண்டு விழுகிறது. மறுநாள், 1941 டிசம்பர் 8, ஜப்பான்மீது போர் தொடுப்பதா என்று வாக்கெடுப்பு. ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார்கள். ஆம், ஆம், ஆம். மொத்தம் 388 ஆம். ஒரே ஓர் இல்லை! பார்வையாளர் மாடத்திலிருந்து சீறுகிறார்கள். மாற்றிப் போடுங்கள் என்று சக உறுப்பினர்கள் கெஞ்சுகிறார்கள். "பெண் என்பதால் என்னால் போருக்குப் போக முடியாது. வேறு யாரையும் அனுப்பவும் மாட்டேன்" என்கிறார்.

வெளியே வந்தால் நிருபர் கூட்டம் துரத்துகிறது. இப்போதுதான் வருகிறது நண்பரின் பூத்! உள்ளே போய், போலீஸ் வரும்வரை நின்றார். உண்மைதான். ஆனால் நண்பரே, எப்போது போனார்? வாக்களித்த பிறகு! வாக்கெடுப்புக்கு முன்பு ஒளிய எத்தனை வழி இருக்கிறது? எத்தனை தலைவர்களுக்குச் சரியாக அன்றைக்குக் காய்ச்சல் வருகிறது? அந்த அம்மையாருக்குக் காய்ச்சல் வரவில்லை. பின்வரிசைக்கு இன்னொரு முறை சொல்கிறேன்: 388 பேர் ஒரு பக்கம், ஓர் அம்மையார் ஒரு பக்கம். "மொன்டானா நூற்றுக்கு நூறு உனக்கு எதிர்" என்று சொந்தத் தம்பியே சொல்லிவிட்டார். 1942-இல் அம்மையார் தேர்தலில் நிற்கவே இல்லை. எங்கள் முகவரி அந்தப் பூத்துதான் என்றால், பெயர்ப்பலகையை நாங்களே மாட்டிக்கொள்கிறோம்.

அந்தப் போர் தேவைதானே என்பீர்கள். இருக்கலாம், எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் நீங்கள் சொன்னது கோழை என்று. அதற்குத்தான் இந்தப் பதில்.

"போரைக் கண்ணால் கண்டவர் இப்படிப் பேசமாட்டார்" என்றும் போகிறபோக்கில் சொன்னீர்கள். அமெரிக்க அரசியல்வாதி ஜார்ஜ் மெக்கவர்ன் கண்டவர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் 35 முறை பறந்தவர். ஒருநாள் குண்டு ஒன்று சிக்கிக்கொண்டது. அதோடு தரையிறங்க முடியாது. எப்படியோ விடுவித்தார்கள். அது ஆஸ்திரியாவில் ஒரு பண்ணை வீட்டின்மேல் விழுந்தது. மதியம், குடும்பம் சாப்பிட உட்காரும் நேரம். தளத்துக்குத் திரும்பினால் செய்தி காத்திருக்கிறது: உங்களுக்கு மகள் பிறந்திருக்கிறாள்.

அந்த வீடு அவரை விடவே இல்லை. 1972-இல், வியட்நாம் போரை முடிப்பேன் என்று ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். ஐம்பதில் 49 மாநிலங்கள் கைவிட்டன. பின்னர் ஆஸ்திரியத் தொலைக்காட்சியில் அந்தக் குண்டைப் பற்றிச் சொன்னார். ஒரு முதிய விவசாயி நிலையத்துக்குப் போன் செய்தார்: அது என் வீடு. விமானம் வருவதைப் பார்த்து மனைவியையும் பெண் பிள்ளைகளையும் பள்ளத்துக்குள் கொண்டுபோய்விட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவரிடம் சொல்லுங்கள்.

யாரோ ஒரு வீட்டுக்காக இத்தனை ஆண்டுகள் உள்ளுக்குள் அழுத மனிதரைப் பார்த்து, தேசபக்தி இல்லாதவர் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நண்பருக்கு வந்தால், அடுத்து அவரே பேசட்டும். நன்றி, வணக்கம்.