சுவரோரம் படுத்திருக்கும் நாய்: மீட்கப்பட்ட விலங்குகள் புது வீட்டில் பழகுவது எப்படி?

[காட்சி: காப்பகக் கூண்டின் கம்பிக் கதவு. உள்ளே பழுப்பு நிற நாய் ஒன்று, சுவரோடு முதுகை ஒட்டிச் சுருண்டு படுத்திருக்கிறது.]

தத்தெடுப்பு முகாமுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கைநீட்டுவது குட்டிகளை நோக்கித்தான். வாலாட்டிக்கொண்டு ஓடிவரும் இரண்டு மாதக் குட்டிக்கு எளிதில் வீடு கிடைத்துவிடுகிறது. சுவரோரம் சுருண்டிருக்கும் இந்த நான்கு வயதுப் பெட்டை நாயோ மாதக்கணக்கில் காத்திருக்கிறது. ஆனால் முதன்முறையாக நாய் வளர்க்க விரும்பும், பகலில் சில மணி நேரம் வீடு பூட்டியிருக்கும் ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் பொருத்தமானது இவள்தான். குட்டியை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே கொண்டுபோக வேண்டும். அது செருப்பைக் கடிக்கும், இரவில் அழும், வளர்ந்தபின் என்ன உயரம் இருக்கும், எப்படிப்பட்ட குணம் வாய்க்கும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. வளர்ந்த நாயின் குணமோ காப்பகத்தில் அதற்குச் சோறு வைப்பவருக்கே தெரிந்திருக்கும். அவரிடம் கேட்டாலே போதும்.

[காட்சி: சென்னையின் மழைக்காலத் தெரு, முழங்கால் அளவு நீர்.]

சென்னையில் விலங்குகளை மீட்கும் பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1959-இல், வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானியான கேப்டன் சுந்தரம் வீட்டுக்கு எடுத்துவந்ததிலிருந்து உருவானதே புளூ கிராஸ் ஆஃப் இந்தியா என்ற விலங்கு நல அமைப்பு. அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானிதான். தெருநாய்களை மாநகராட்சி பிடித்துக் கொன்றுவந்த காலம் அது. கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று அந்த அமைப்பு 1960களிலிருந்தே வலியுறுத்தியும், 1990களின் நடுவில்தான் மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது. 2001-இல் நாடு முழுமைக்குமான விதிகள் வந்தன. இன்று தெருவில் காது நுனி வெட்டப்பட்ட நாயைப் பார்த்துப் பலர் இரக்கப்படுகிறார்கள். அது பெரும்பாலும் அடிபட்ட தழும்பன்று. கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்துவிட்டன என்பதற்கான அடையாளம்.

[காட்சி: தனி அறையில் பூனைக்குட்டிகள், கையுறை அணிந்த பணியாளர்.]

மீட்ட அன்றே விலங்கைத் தத்துக் கொடுக்காமல் சுமார் இரண்டு வாரம் தனியே வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸும், பூனைகளில் அதற்கு நெருங்கிய உறவான பன்லூகோபீனியாவும், உடலுக்குள் நுழைந்து பல நாள் கழித்தே வாந்தியாகவும் கழிச்சலாகவும் வெளிப்படுகின்றன. குட்டிகளுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறாம் வாரம் வரை தொடர வேண்டும். வெறிநோய் ஊசி மூன்று மாத வயதையொட்டிப் போடப்படுகிறது. ஆகவே, தத்தெடுக்கும்போது ஊசி போட்டாயிற்று என்ற சொல்லோடு திரும்பாமல், தேதிகள் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குவது முறை.

அடுத்து வருவது கேள்விப் படலம். வீடு வாடகையா, உரிமையாளர் சம்மதித்தாரா, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், மாடியில் வலை அடித்திருக்கிறதா என்று தன்னார்வலர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள் என்று எரிச்சலடைவோர் உண்டு. எனினும், வலையில்லாத நான்காம் மாடியிலிருந்து பறவையைத் துரத்தித் தவறி விழும் பூனைகள் எத்தனை என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பார்த்தால் அந்தக் கேள்வியின் நியாயம் விளங்கும்.

[காட்சி: வீட்டுக் கூடம். கட்டிலுக்கடியில் இரண்டு கண்கள் மட்டும் மின்னுகின்றன.]

உண்மையில் கடினமான பகுதி வீட்டுக்கு வந்த பின்னரே தொடங்குகிறது. மீட்புப் பணியில் இருப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: முதல் மூன்று நாளில் அச்சம், மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடுதல், மூன்று மாதத்தில் இது நம் இடம் என்ற உறுதி. இது அறிவியல் விதியன்று, அனுபவக் கணக்கு. ஆயினும் இதை அறியாததால்தான், சோறு தொடவில்லை, கட்டிலுக்கடியிலிருந்து வரவில்லை என்று ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். பூனைக்கு முதலில் முழு வீட்டையும் திறந்துவிடாமல் ஒரே அறை கொடுத்து, அதில் மலசலம் கழிப்பதற்கான மணல் தட்டை ஒரு மூலையிலும் உணவை எதிர்மூலையிலும் வைக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருந்தால், ஒன்று படுத்த துணியை மற்றொன்றின் அறையில் போட்டு, முகம் பார்ப்பதற்கு முன் மணம் பழகச் செய்ய வேண்டும். ஏனெனில் பூனைக்கு வீடு என்பது பெருமளவு மணத்தால் ஆனது. நாயை வரவேற்கச் சுற்றத்தாரை எல்லாம் கூட்ட வேண்டாம். தீபாவளியை ஒட்டிய வாரத்தில் தத்தெடுப்பதைத் தள்ளிப்போடுவது இன்னும் நல்லது, வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடும் புதிய நாய்க்குத் திரும்பி வரும் வழி தெரியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: நாமாக மாத்திரை கொடுக்கக் கூடாது. நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் பூனையின் உயிரைப் பறிக்கும்.

[காட்சி: தெருமுனையில் நாய்க்குச் சோறு வைக்கும் பெண்மணி.]

காப்பகத்துக்குப் போகாமலே தத்தெடுக்கவும் வழியுண்டு. தெருநாய்கள் தொடர்பாக 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த ஆணையில், விருப்பமுள்ளோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்றும், அது மீண்டும் தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவர்களது பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. வளர்த்த விலங்கைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகவே இருந்துவருகிறது. வளர்க்க இயலாத நிலை வந்தால், தந்த காப்பகத்துக்கே முதலில் தெரிவிக்க வேண்டும். பல காப்பகங்கள் இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குகின்றன.

[காட்சி: கைப்பேசித் திரை. பழுப்பு நாய் கூடத்தின் நடுவே, மின்விசிறிக்கு நேர்கீழே.]

தத்துக் கொடுத்த பின்பு தன்னார்வலர்கள் அவ்வப்போது புகைப்படம் கேட்பார்கள். மாலையிட்ட படமோ, குடும்பத்தோடு நிற்கும் படமோ அவர்களுக்கு முக்கியமில்லை. நாய் எங்கே, எப்படிப் படுத்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இவள் இப்போது சுவரை விட்டு வெகுதூரம் வந்து, நான்கு கால்களையும் மேலே தூக்கி, மல்லாந்து உறங்குகிறாள்.