லிஸ்ட்டின் மூக்கும் ஒரு பியானோ விளம்பரமும்

வணக்கம் மக்களே. பின்னால் சுவரைப் பார்த்தீர்களா? போன ரெண்டு வீடியோவிலும் காலியாக இருக்கிறதே என்று புலம்பிக்கொண்டிருந்த இடம். படம் வந்துவிட்டது! யோசஃப் டான்ஹவுசர் 1840-ல் வரைந்த ஓவியம், பியானோ முன் ஃபிரான்ஸ் லிஸ்ட், அந்தக் காலத்துப் பியானோ சூப்பர் ஸ்டார். அசல் பெர்லினில் ஆல்டே நேஷனல்கேலரியில் இருக்கிறது, 119 செ.மீ. உயரம், 167 செ.மீ. அகலம். என்னுடையது வெறும் பிரிண்ட், 650 ரூபாய்.

ஃபிரேம் எவ்வளவு தெரியுமா? 2,900! படத்தைவிட நாலு மடங்குக்கு மேல். அதிலும் கடைக்காரர் முதலில் சொன்னது என்ன? "சார், பதினாறுக்கு இருபது ரெடிமேட் இருக்கு, 900-ல முடிச்சிடலாம். இடது ஓரத்துல ரெண்டரை இஞ்ச் மட்டும் எடுத்துடலாம், அங்க ஒண்ணும் பெருசா இல்ல." ஒன்றும் இல்லையா? அங்கே அலெக்சாந்தர் டூமா உட்கார்ந்திருக்கிறார் ஐயா! பிரெஞ்சு இலக்கியத்தையே பாதியாக நறுக்கப் பார்த்தார். சரி, கொடுத்துத் தொலைத்தேன் 2,900-ஐ. பளபளக்காத கண்ணாடிக்கு இன்னும் 700 கேட்டார், அதற்கு மாட்டேன் என்றுவிட்டேன். அதனால்தான் இப்போது என் ரிங் லைட் படத்தில் இருக்கும் ஓபரா இசையமைப்பாளர் ரோசினி தலைமேல் நிலா மாதிரி தெரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். நடுவில் தோளில் கைபோட்டு நிற்பது வயலின் மேதை பாகனினியும் ரோசினியும். பாகனினி வீடியோ பார்த்தவர்களுக்கு அந்த ஒட்டிய கன்னம் உடனே தெரியும். இதோ, ஆண் உடையில் பெண் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட். தரையில் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது மரி தகூ, லிஸ்ட்டின் காதலி. சுவரில் ஆங்கிலக் கவிஞர் பைரன் படம். பியானோ மேல் பீத்தோவன் சிலை. லிஸ்ட் பார்ப்பது அவரை மட்டும்தான். இத்தனை பெரிய மனிதர்கள் கூடியிருந்தும் அவர் கண்ணில் யாரும் படவில்லை.

இப்படி ஒரு கூட்டம் நடக்கவே இல்லை என்பதுதான் விஷயம். பாகனினி 1840 மே மாதம் நீஸில் இறந்துபோனார். இது முழுக்க கற்பனை. காசு கொடுத்து வரையச் சொன்னவர் யார் என்று பார்த்தால் கோன்ராட் கிராஃப், வியன்னாவின் பெரிய பியானோ தயாரிப்பாளர். கட்டைகளுக்கு மேலே பாருங்கள், அவர் பெயரே இருக்கிறது. ஆக, நான் 2,900 ரூபாய்க்கு ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பது ஒரு பியானோ கம்பெனி விளம்பரம்! இன்னொரு கூத்து, லிஸ்ட் சின்ன வயதிலிருந்தே பாரிஸின் எரார் பியானோவோடு ஒட்டிக்கொண்டவர். ஸ்டார் வாசிப்பது ஒரு பிராண்ட், போஸ் கொடுப்பது இன்னொன்று. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஆனால் ஒரே ஒரு ஓவியத்தால் ஒருவர் முகம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடாது. அதற்குக் கல்லச்சு வேண்டும், லித்தோகிராஃபி. 1790-களின் கடைசியில் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள குச்சியால் வரைய வேண்டும். கல்லை நனைத்தால் வரைந்த இடத்தில் மட்டும் தண்ணீர் ஒட்டாது, மை ஒட்டும். செப்புத் தகட்டைச் செதுக்குபவரின் கூலியும் நேரமும் மிச்சம், படமும் மலிவு. நம் வீடுகளில் மாட்டிய ரவி வர்மா லட்சுமியும் சரஸ்வதியும் பின்னால் இதே வழியில் வந்தவர்கள்தான். வியன்னாவில் யோசஃப் கிரீஹூபர் என்பவர் இந்த வித்தையில் கிட்டத்தட்ட 3,000 முகங்களை வரைந்து தள்ளினார். லிஸ்ட்டை மட்டும் எத்தனை தடவை! எனக்குப் பிடித்தது 1846-ல் வந்தது: லிஸ்ட் வாசிக்கிறார், இசையமைப்பாளர் பெர்லியோஸும் லிஸ்ட்டின் குரு செர்னியும் பக்கத்தில், கிரீஹூபர் தன்னையும் ஓரமாக நுழைத்துக்கொண்டார். செல்ஃபி ஆசை அப்போதே இருந்திருக்கிறது.

பெர்லினுக்கு லிஸ்ட் 1841 டிசம்பர் கடைசியில் போகிறார். சுமார் பத்து வாரத்தில் 21 கச்சேரி. அவர் முகம் பதித்த புரூச்சைப் பெண்கள் குத்திக்கொண்டு வந்தார்கள், அறுந்த பியானோ கம்பியை வளையாக்கிக்கொண்டார்கள் என்றெல்லாம் கதைகள் உண்டு. தியோடர் ஹோஸெமன் அந்தச் சமயத்தில் வரைந்த கேலிச்சித்திரத்தில் சபையே ஓபரா கண்ணாடியும் பூவுமாக அலைமோதுகிறது. கேலி செய்ய வரைந்த படமும் அவர் பெயரைத்தான் பரப்பியது. 1844-ல் கவிஞர் ஹைனே இந்தப் பைத்தியத்துக்கு 'லிஸ்டோமானி' என்றே பெயர் வைத்தார்.

அட, பியானோவைப் பக்கவாட்டில் போடுவதைப் பற்றிச் சொல்ல விட்டுப்போச்சு. லிஸ்ட்டின் பக்கவாட்டு முகம், அந்த நீள மூக்கு, அதுதான் அவருடைய லோகோ. மேடையிலும் அதே கோணத்தில்தான் உட்காருவார்; திறந்த மூடியிலிருந்து சத்தமும் சபைப்பக்கம் போகும். இதை அவர்தான் ஆரம்பித்தார் என்று நிறைய பேர் அடித்துவிடுகிறார்கள், எனக்குக் கோபமாக வரும். அவருக்கு ஒரு தலைமுறை முன்னாலேயே துசெக் என்ற பியானோ கலைஞர் அப்படி உட்கார்ந்து காட்டியவர் என்று சொல்வார்கள். அவரும் அழகர்தான், 'அழகு துசெக்' என்றே பட்டப்பெயர்.

இத்தனை பளபளப்பையும் தாண்டி, நாடார் 1886-ல் எடுத்த போட்டோதான் என் கணக்கில் முதலிடம். நம் ஊர் நாடார் இல்லை, பாரிஸ் போட்டோகிராஃபர்! லிஸ்ட்டுக்கு அப்போது 74 வயது, அதே வருடம் ஜூலையில் இறந்துபோகிறார். முகத்து மரு ஒன்றைக்கூட மறைக்கவில்லை. தலைமுடி மட்டும் அதே நீளம், வெள்ளையாக.

அடுத்த வாரம் பாடகி ஜென்னி லிண்ட். 1850-ல் நியூயார்க்கில் அவருடைய முதல் கச்சேரிக்கு ஏலத்தில் 225 டாலர் கொடுத்து டிக்கெட் எடுத்தவர் ஒரு தொப்பிக் கடைக்காரர். பாட்டுமேல் அவ்வளவு ஆசையா, தொப்பி விற்கவா என்பதை அதில் பேசுவோம். பை!